முடக்கப்பட்ட சாவுப்பணம்

ஜோகூர் மாசாயில் லோரிப் பட்டறை போட்டது நான். பாசிர் கூடாங் தொழிற்சாலைகளுக்கு ஓடும் லோரிகளில் பாதி என் கையால் நிமிர்ந்தவை. சொந்த வீடு, பிள்ளைகளுக்குப் பட்டப்படிப்பு, கோயிலுக்கு இரும்புக் கதவு, எல்லாம் நாலாம் வகுப்போடு அறந்தாங்கிப் பக்கமிருந்து வந்த இந்த ஆள் செய்ததுதான். அப்பேர்ப்பட்ட என்னை ஒருநாள் காலையில் பெட்ரோல் நிலையத்துப் பெண் நிறுத்திவைத்தாள். "பாக்சிக், கார்டு தா போலே லா." கார்டு போகவில்லையாம். உன் மிஷின்தான் கெட்டுப்போச்சு என்றேன். பின்னால் நின்றவரின் கார்டைத் தேய்த்துக் காட்டினாள். அது போனது.

வங்கியில் மேலாளர் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்: என் கணக்குகள் எல்லாம் முடக்கம், பயங்கரவாதத்துக்குப் பணம் போகிறதென்று சந்தேகம். யார் அந்தப் பயங்கரவாதி என்று கேட்டேன். சொல்ல அனுமதி இல்லையாம்.

எனக்குக் காரணம் புரிந்துவிட்டது. நான் வந்த புதிதில் செடெனாக்கில் நம் ஊர்க்காரன் ஒருவன் செத்தான். உடலை ஊருக்கு அனுப்பப் பிரித்த பணத்தைப் பெயர் பெயராக எழுதி, அந்தத் தாளையும் கூடவே அனுப்பினார்கள். ஊரில் அதை மொய்யாக்கிவிட்டார்கள். கொடுத்தவன் வீட்டு ஒவ்வொரு விசேஷத்துக்கும் திருப்பிச் செய்தே செத்தவன் பெண்டாட்டி ஓய்ந்தாள். அன்றைக்கு ஒரு விதி போட்டேன்: சாவுப்பணத்துக்குப் பெயர் கிடையாது. வங்கி மிஷினில் ரொக்கமாக என் கணக்கில் போடு, எழுதாதே, சொல்லாதே. இத்தனை வருஷம் அப்படித்தான் உடல்கள் ஊர் போயின. பெயரில்லாத பணம் பல கையிலிருந்து வந்து கடல் தாண்டினால் அதிகாரி கண்ணுக்கு அது வேறு மாதிரித் தெரியும் என்று எனக்கு யார் சொன்னார்கள்?

அந்த வாரம் நம் ஊர் வெல்டர் முருகேசன் சவக்கிடங்கில் கிடந்தான். அவனை அனுப்பச் சேர்ந்த பணம் பூட்டுக்குள்.

ஜோகூர் பாருவில் வக்கீல் ரஞ்சினியைப் பிடித்தேன். சிலோன் தமிழ்க் குடும்பத்துப் பெண், சின்ன வயது. நான் இன்னும் நிரந்தரவாசியின் சிவப்பு அட்டைக்காரன், எனக்கு உரிமை உண்டா என்று கேட்டேன்.

"அங்கிள், சட்டப்படி இல்லாம எந்த ஒருத்தரோட சொத்தையும் பறிக்கக் கூடாதுன்னு அரசியலமைப்புல இருக்கு. குடிமகன்னு போடல."

"அப்ப ஜெயிச்சாச்சு லா!"

"ஐயோ, இருங்க அங்கிள். முடக்குறதுக்கும் ஒரு சட்டம் இருக்கே. அந்தச் சட்டம் எதுவரைக்கும் போகலாம்? காரணம் சொல்ல வேணாமா? பிணத்தை அனுப்புற அளவுக்காவது விட வேணாமா? அதைத்தான் கேக்கப் போறோம்."

"கேளும்மா. குண்டு வைக்கிறவன் பணத்துக்கு நானே பூட்டு வாங்கித் தர்றேன். செத்தவன் என்ன பண்ணான்?"

வழக்கு நடந்துகொண்டே இருந்தது. கடன் கேட்டுப் போன இடத்திலெல்லாம் "ஐயா, உங்களுக்குக் குடுத்தா எங்க கணக்கையும் பூட்டிருவாங்க" என்றார்கள். என் லோரியை விற்கப் பார்த்தேன், வாங்க ஆளில்லை. மருத்துவமனையோ உடலை எடுக்கச் சொல்லி நெருக்கியது. கடைசியில் முருகேசன் மனைவிக்குப் போன் போட்டேன். அனுப்ப வழியில்லை, இங்கேயே முடித்துவிடலாமா என்று கேட்டேன். "எரிச்சிராதீங்கண்ணே. முழுசா ஒரு எடத்துல இருக்கட்டும்" என்றாள். மாசாயிலேயே புதைத்தோம்.

என் மேல் குற்றம் ஏதும் சாட்டாமலே முடக்க உத்தரவின் கெடு முடிந்தது, முடக்கம் விலகியது. நீதிபதி, பணம்தான் வந்துவிட்டதே, இனித் தீர்க்க ஒன்றும் மிச்சமில்லை என்று கோப்பை மூடிவிட்டார். மிச்சமில்லையாம்! பணத்தை அவளுக்கு அனுப்பினேன். வெள்ளிக்கிழமை தோறும் கல்லறைக்குப் போய்ப் போனில் காட்டுகிறேன். "இன்னும் கிட்ட காட்டுங்கண்ணே" என்கிறாள். இங்கே இருட்டிவிடுகிறது, கல் தெரிவதில்லை. அவள் முகத்தில் மட்டும் நம் ஊர் வெயில் இன்னும் அடிக்கிறது.

இப்போது நம் ஊர்க்காரர் சங்கத்து ஆண்டு மலரில், சங்கம் வழக்காடி வென்றது என்று போட்டிருக்கிறார்கள். யாரும் வெல்லவில்லை. சங்கத்திலிருந்து ஒருவரும் நீதிமன்ற வாசல்கூட மிதிக்கவில்லை. பிணத்தை அனுப்பவாவது பணம் விட வேண்டாமா என்ற கேள்விக்கு இந்த நாடு இன்னும் பதில் சொல்லவில்லை. ஆனால் கேட்டவன் ஒருவன் உண்டு. அடுத்த மலரில் அதைத் திருத்துங்கள். கேட்டவன் மாசாய் லோரிப் பட்டறை வீரப்பன் என்று என் பெயரைப் போடுங்கள்.