மொட்டையடித்த தோசைக்கல்

சூடான இரும்பின்மேல் தண்ணீர் தெளிக்கும்போது எழும் 'சொய்ங்' என்ற ஓசையில் புத்தி மயங்கும் ஆட்கள் உலகத்தில் எத்தனை பேரோ தெரியாது. நான் ஒருவன் இருக்கிறேன். போன மாதம் செங்கம் ரோட்டில் ஆசிரமத்தைத் தாண்டியிருக்கும் ஒரு கஃபேயின் வாசலில், சாப்பாட்டு மேசை அளவுக்கு விரிந்த தட்டையான கல் பொருத்திய கேஸ் அடுப்பு ஒன்றில் வெளிநாட்டுக்காரர்களுக்கு வாழைப்பழ அப்பம் சுட்டுக்கொண்டிருந்ததை நின்று பார்த்து, அந்த ஓசையையும் கேட்டுவிட்டு, வீட்டுக்கு வந்ததும் நான் செய்த காரியத்தை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். அந்த அடுப்பை வாங்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்வதற்கு முன்பே, அதற்குப் போடும் மழை உறையை வாங்கிவிட்டேன். தள்ளுபடியில் கிடைத்தது.

"உள்ள இருக்கவேண்டியது எப்பங்க வரும்?" என்று என் மனைவி இரண்டு முறை கேட்டுவிட்டாள். நியாயமான கேள்வி. டாக்டர் உத்தரவுப்படி ஒரு வேளைக்கு இரண்டு தோசைக்கு மேல் எனக்கு அனுமதி இல்லை. மனைவிக்குத் தோசையே பிடிக்காது. பிள்ளைகள் விடுமுறைக்குத்தான் வருகிறார்கள். ஒரே நேரத்தில் ஒரு டஜன் தோசை வார்க்கும் கல் இந்த வீட்டுக்கு எதற்கு என்று அறிவு கேட்கிறது. ஆனால் பத்து வயதில் அப்படி ஒரு கல் வேலை செய்வதை நான் பார்த்திருக்கிறேன். பார்த்தவனிடம் அறிவின் பேச்சு எடுபடுவதில்லை.

அந்த வருஷம் என் தம்பிக்கு டைபாய்டு காய்ச்சல் வந்து இருபது நாளாகியும் இறங்கவில்லை. ஒரு காலையில் அவனுடைய முனகல் சட்டென்று நின்றதைக் கேட்டுப் பயந்துபோன அம்மா, அடுப்பங்கரை ஜன்னலில் தெரிந்த மலையைப் பார்த்து, "அண்ணாமலையாரே, என் புள்ளைய எழுப்பிக் குடு, தீபத்தன்னிக்கு மலை சுத்துற நூறு பேருக்கு என் கையால தோசை ஊத்திப் போடறேன்" என்று வேண்டிக்கொண்டாள். மற்றவர்கள் முடி இறக்குவதாக வேண்டுவார்கள், பொங்கல் வைப்பதாக வேண்டுவார்கள். கடவுளிடம் பேசுவதற்கு முன் கையில் என்ன இருக்கிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும். அம்மாவின் கையில் அப்போது தோசைத் திருப்பி இருந்தது. தம்பி மறுநாள் எழுந்து உட்கார்ந்து ரசம் சோறு கேட்டான்.

பிரச்சினை அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது. எங்கள் வீட்டுக் கல்லில் ஒரு நேரத்தில் ஒரு தோசைதான் வார்க்க முடியும். நூறாவது ஆளுக்குத் தோசை கிடைக்கும்போது அவர் மலையை இன்னொரு சுற்றுச் சுற்றி வந்திருப்பார் என்று அப்பா சொன்னார். அரசு அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்த அவருக்கு எதற்கும் ஒரு மாற்று ஏற்பாடு தோன்றிவிடும்.

"புளிசாதம் கிண்டிக் குடுத்துடலாம்டி. சாமி ஒண்ணும் கோச்சிக்காது."

"சாமி கோச்சிக்காதுங்க. நான் கோச்சிப்பேன்."

வாடகைப் பாத்திரக் கடையில் இருந்த பெரிய கற்களெல்லாம் தீபத்துக்கு முன்பே பேசி வைக்கப்பட்டிருந்தன. அப்போதுதான் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் பரோட்டாக் கடை வைத்திருந்த கரீம் பாய், புதுக் கல் போட்டுவிட்டுப் பழையதை விற்கப் போகிறார் என்ற செய்தி வந்தது. இரும்புதான், ஆனாலும் எங்கள் பக்கம் அதற்குக் 'கல்' என்றுதான் பெயர். கட்டில் அகலம், விரல் கனம், ராத்திரி வானம் மாதிரி கறுப்பு. வாங்கலாமா என்ற விவாதம் வீட்டில் ஒரு வாரம் ஓடியது. அப்பாவுக்கு ஒரே தடை: "இருவது வருஷம் கறியும் முட்டையும் பொரண்ட கல்லு. அதுல வேண்டுதல் தோசையா?"

ஞாயிறு தவறாமல் அதே கடையின் சால்னாவைத் தூக்குவாளியில் வாங்கி வந்து விரல் சூப்பிய குடும்பம் நாங்கள். அந்தத் தூக்குவாளியை யாரும் புளி போட்டுத் தேய்த்ததில்லை. ஆனால் வேண்டுதல் என்றதும் வீட்டில் எல்லோருக்கும் மூக்கு கூர்மையாகிவிட்டது. கடைசியில் அம்மா, "தேய்ச்சா போயிடும்" என்று ஒரே வரியில் தீர்ப்புச் சொல்ல, கல் மூன்று சக்கர வண்டியில் ஏறி எங்கள் வாசலுக்கு வந்தது. வண்டியில் ஏற்றும்போது பாய், "கழுவாதீங்க சார், துணியால தொடச்சா போதும்" என்று சொல்லியிருந்தார். அவர் சுபாவப்படி அப்படித்தான் சொல்வார் என்று அப்பா விளக்கினார்.

மூன்று நாள் தேய்த்தோம். புளி, செங்கல் தூள், தேங்காய் நார், பக்கத்து வீட்டுக்காரர்கள் இருவர், நான். என் முழு உடல் எடையையும் குதிகாலில் இறக்கி நான் தேய்த்த மூலையில்தான் கறுப்பு முதலில் பொருக்குப் பொருக்காக உரிந்தது. அதைத் தெருவில் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டேன். மூன்றாம் நாள் கல் வெள்ளி மாதிரி மின்னியது. அப்பா அதில் முகம் பார்த்துத் தலை சீவினார். அம்மா மஞ்சள் தண்ணீர் தெளித்துப் பொட்டு வைத்தாள்.

தீபத்தன்று காலை வாசலில் செங்கல் அடுக்கி, விறகு மூட்டி, கல்லை ஏற்றினோம். எங்கள் வீடு செங்கம் ரோட்டிலேயே இருந்ததால் மலை சுற்றும் கூட்டம் முழுக்க முன்னால்தான் போகும். தோசை என்று கேள்விப்பட்டதும் ஒரு வரிசை தானாக உருவாகிவிட்டது. அம்மா கண்ணை மூடி மலையைக் கும்பிட்டு முதல் தோசையை வார்த்தாள். அது கல்லைப் பிடித்துக்கொண்டது. சுரண்டினாள், துண்டு துண்டாக வந்தது. இரண்டாவதும் அப்படியே. ஏழாவதுக்கு எண்ணெயைக் கவிழ்த்தே ஊற்றினாள். அது தீய்ந்து ஒட்டியது. வரிசையில் நின்ற ஓர் அம்மாள், "பரவால்லம்மா, பிய்ஞ்சாலும் குடு, பிரசாதம்தானே" என்றாள். அம்மா மாட்டேன் என்று தலையை ஆட்டிவிட்டாள். தோசை என்று வேண்டியிருக்கிறாள். உதிரியைக் கொடுத்துக் கணக்குத் தீர்க்க அவளால் முடியாது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த தம்பியை இழுத்து மடியோடு அணைத்துக்கொண்டாள். வேண்டுதல் நிறைவேறாவிட்டால் காய்ச்சல் திரும்பி வருமா என்று கேட்க வாயெடுத்து, கேட்காமல் விட்டேன்.

சைக்கிளை எடுத்துக்கொண்டு போன அப்பா, அரை மணியில் தன்னைப்போல் இரண்டு மடங்கு கனமுள்ள கரீம் பாயைக் கேரியரில் வைத்து மிதித்துக்கொண்டு வந்தார். தீபத்தன்று பரோட்டா கேட்பாரில்லாமல் பாய் கடையை மூடியிருந்தார். இறங்கி வந்தவர் குனிந்து கல்லை ஓரத்துக்கு ஓரம் பார்த்தார்.

"இன்னா சார், மொட்டை அடிச்சிட்டீங்க?"

அப்பா தரையைப் பார்த்தார். பாய் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, "வெறகு ஜாஸ்தி போடுங்க, மாவ ஓரமா வைங்க" என்றார்.

அடுத்த ஒன்றரை மணி நேரம் நான் கண்டதை இதுவரை யாருக்கும் சரியாகச் சொல்ல முடிந்ததில்லை. வெறும் கல் காய்ந்து முதலில் வைக்கோல் நிறமாயிற்று, பிறகு செம்பு, பிறகு ஓரத்திலிருந்து நடுவை நோக்கி மயில் கழுத்து நீலம் மெல்லப் படர்ந்தது. இரும்புக்குள் இத்தனை நிறங்கள் இருக்கின்றன என்று எந்த வாத்தியாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை. பாதி வெங்காயத்தைக் கம்பியில் குத்தி, கடலை எண்ணெயில் தொட்டு, பாய் தேய்க்கத் தேய்க்கப் புகை குபுகுபுவென்று எழும்பியது. புகை அடங்கியதும் மறுபடி எண்ணெய், மறுபடி வெங்காயம். ஒவ்வொரு பூச்சுக்கும் கல் ஒரு படி கறுத்தது. வரிசையில் இருந்தவர்கள் கலைந்து போகாமல் ரோட்டோரம் உட்கார்ந்து, அபிஷேகம் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். ஒருவர் கும்பிடவும் செய்தார்.

கடைசியில் பாய் தண்ணீர் தெளித்தார். 'சொய்ங்'. துளிகள் முத்து முத்தாக ஓடின.

"நீங்களே ஒண்ணு ஊத்திப் பாருங்க பாய்" என்றார் அப்பா.

"வேண்டுனது அவங்க. நான் ஊத்தினா கணக்குல வராது. நீங்க ஊத்துங்கம்மா, நெருப்ப நான் பாத்துக்கறேன்."

அம்மா வார்த்தாள். விளிம்பு தானாகவே எழும்பி நின்றது. திருப்பியை அடியில் விட்டதும், தாமரை இலையில் தண்ணீர்போல் தோசை வழுக்கிக்கொண்டு வந்தது. ஒன்று, மூன்று, ஆறு, பன்னிரண்டு. வீட்டுக்குள் ஒற்றைத் தோசையோடு மல்லாடிய என் அம்மாவா இது என்று வாய் பிளந்து நின்றேன். ஒரு வரிசை வேகும்போது அடுத்த வரிசையைத் திருப்பி, அதற்கடுத்ததை எடுத்து இலையில் போட்டு, அவள் கை எங்கே இருக்கிறது என்று கண் தேடுவதற்குள் அது வேறிடத்தில் இருந்தது. நூறு எப்போது தாண்டியது என்று யாருக்கும் தெரியாது. சாயங்காலம் மலையுச்சியில் தீபம் ஏறியபோது ரோடு முழுக்க 'அரோகரா' என்று ஒரே குரலாய்த் திரும்பி நின்றது. பாய்கூட எழுந்து நின்று பார்த்தார். அம்மா திரும்பவில்லை. கல்லில் எட்டு தோசை இருந்தது.

அந்தக் கல் இன்னும் மூன்று தீபத்துக்கு உழைத்தது. பிறகு தண்ணீர்த் தொட்டிக்கு மூடியானது. ரோடு அகலமானபோது எங்கள் வாசலோடு சேர்ந்து அதுவும் எங்கோ போயிற்று. பாயின் கடை இருந்த இடத்தில் லாட்ஜ் வந்துவிட்டது. இப்போது பாதையோரம் நினைத்தபடி அடுப்பு மூட்ட முடியாது. அன்னதானத்துக்கு அனுமதி வேண்டும். அதில் நியாயமும் இருக்கிறது. ஆனால் ரோட்டோரம் உட்கார்ந்து ஓர் இரும்பு கறுப்பதைக் காத்திருந்து பார்க்கும் நூறு பேரை இனி எங்கே போய்க் கூட்டுவது?

இவ்வளவையும் எழுதி முடித்ததும் அடுப்பை வாங்குவது என்று முடிவாகிவிட்டது. எழுதியதை எண்பது வயதைத் தாண்டிய அம்மாவிடம் படித்துக் காட்டினேன். அம்மா கடைசிவரை கேட்டுவிட்டுச் சொன்னாள்:

"வாங்குறதுன்னா வாங்கிக்கோ. அன்னிக்கு இருந்த பதட்டத்துல மாவுல நான் உப்பே போடல. சாமி சோறுன்னு அத்தன பேரும் வாயத் தொறக்காம தின்னுட்டுப் போனாங்க. உன் பொண்டாட்டி அப்படி திம்பாளான்னு கேட்டுக்கோ."