கசாப்புக்காரர் ஹம்பாரின் சாட்சி

ஹம்பார் ஒரு ஆர்மீனியர். அமெரிக்காவில் ஃபிரெஸ்னோ நகரத்தில் ஐம்பது வருஷம் ஆட்டுக்கறி வெட்டியவர். எழுபத்தொன்பது வயதிலும் தொடைக்கறியை எலும்போடு ஒரே போடாகப் போடுவார். கோபம் வந்தால் வாய்க்கு முன்னால் கை பேசிவிடும். "நடந்தது நடந்துபோச்சு, இப்ப கிளறி என்ன ஆகப்போகுது?" என்று சர்ச் கூடத்தில் சொன்ன பல் டாக்டரின் முன்பல்லையே ஒருமுறை பெயர்த்தெடுத்துவிட்டார்.

அவர் ஓட்டு எப்போதும் ஒரே காரணத்துக்காகத்தான் விழுந்தது. துருக்கியில் ஆர்மீனியர்களைக் கொன்று குவித்ததை இனப்படுகொலை என்று அமெரிக்க நாடாளுமன்றம் தீர்மானம் போட வேண்டும். இரண்டு கட்சிகளும் அவரை மாற்றி மாற்றி ஏய்த்தன. எதிர்க்கட்சியாக இருக்கும்வரை ஆர்மீனியர்மேல் பாசம் பொங்கி வழியும். நாற்காலியில் உட்கார்ந்ததும் துருக்கியில் இருக்கும் அமெரிக்க விமானத்தளம் ஞாபகத்துக்கு வந்துவிடும். சம்பவம் என்பார்கள், துயரம் என்பார்கள், அந்த ஒரு சொல் மட்டும் தொண்டையில் சிக்கிக்கொள்ளும்.

1985 வசந்தத்தில் எதிர்க்கட்சி எம்.பி. ஒருவரின் உதவியாளன் ஜிரைர் கடைக்கு வந்தான். ஆர்மீனியப் பையன்தான். கோட்டில் ரத்தம் படாமல் தள்ளியே நின்றான்.

"மாமா, தீர்மானத்தை விசாரிக்கிற குழுவுல ரெண்டே ஓட்டுதான் இடிக்குது. கண்ணால பார்த்தவர் ஒருத்தர் வந்து சொன்னா ஆளுங்கட்சிக்காரனே ஆடிப்போயிடுவான். நீங்க நம்ம பாஷையில பேசுங்க, நான் இங்கிலீஷ்ல சொல்றேன்."

"எனக்குத்தான் இங்கிலீஷ் வருமேடா."

"வராத மாதிரி இருங்க. உருக்கமா இருக்கும்."

ஹம்பார் கத்தியைக் கீழே வைத்தார். "அப்படின்னா வாத்தியார் யெஸ்னிக் செத்த கதையை முழுசாக் கேட்டுக்கோ" என்றார். மனைவி ஷாகேயிடம்கூட அவர் சொல்லாத கதை அது.

1915. துருக்கியில் ஹார்பெர்த் ஊருக்குப் பக்கத்துக் கிராமம். துருக்கிச் சிப்பாய்கள் ஆண்களைக் கயிற்றில் பிணைத்து ஆற்றங்கரையில் கோடரியால் வெட்டினார்கள். தோட்டாவை வீணாக்க அவர்களுக்கு மனமில்லை. ஹம்பாரின் அப்பாவுக்கு மூன்று வெட்டு தேவைப்பட்டது. குறுக்கே ஓடிய அம்மாவின் மண்டையைத் துப்பாக்கிக் கட்டையால் பிளந்தார்கள். ஏழு பையன்களை மட்டும் மதம் மாற்றி வளர்க்கலாம் என்று சார்ஜன்ட் நூரி ஒதுக்கி வைத்தான். அதற்கு ஒரு சோதனையும் வைத்தான். வாத்தியார் யெஸ்னிக்கைக் கழுத்துவரை மண்ணில் புதைத்து, பையன்களின் கையில் ஆளுக்கொரு கல்லைக் கொடுத்தான். எறிய மாட்டேன் என்ற முதல் பையனை அங்கேயே ஈட்டியில் குத்தித் தூக்கினான். அடுத்து நின்றது ஒன்பது வயது ஹம்பார். எறிந்தார். வாத்தியாரின் இடது கண் போயிற்று. "பலமா எறிடா, சீக்கிரம் முடி" என்றார் வாத்தியார். ஹம்பார் இன்னொரு கல்லை எடுத்து முடித்தார்.

ஜிரைர் கடைவாசலை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டான். "மாமா, இதை மட்டும் அங்க சொல்லிடாதீங்க. ஆர்மீனியனைக் கொன்னது ஆர்மீனியன்தான்னு திருப்பி விட்ருவானுங்க."

"இதைச் சொல்லாம நான் எதுக்குடா வரணும்? அந்த மனுஷன் எப்படிச் செத்தார்னு உள்ளபடி ஒரு சபையில சொல்லாம நான் சாகக் கூடாது."

"சரி, சொல்லுங்க. நான் பாத்துக்கறேன்" என்றான் ஜிரைர்.

வாஷிங்டனில் அந்தக் குழுவின் முன்னால் ஹம்பார் ஆர்மீனிய மொழியில் பேசினார். ஜிரைர் ஆங்கிலத்தில் சொன்னான். ஆறு வந்தது, கோடரி வந்தது, அம்மாவின் மண்டை வந்தது. கல் வந்ததும், "அவர்கள் வாத்தியாரைக் கல்லால் அடித்துக் கொன்றார்கள்" என்றான் ஜிரைர்.

அவர்கள்! ஹம்பாரின் கை எழுந்துவிட்டது. ஆட்டை முதுகெலும்போடு பிளக்கிற கை அது. கன்னத்தில் விழுந்த அறையில் ஜிரைர் மைக்கோடு சரிந்தான். உதடு கிழிந்து சட்டையெல்லாம் ரத்தம். காவலர்கள் ஓடிவந்து கிழவரின் இரண்டு கையையும் பின்னால் முறுக்கினார்கள்.

"அவங்க இல்ல" என்று ஹம்பார் ஆங்கிலத்தில் கத்தினார். "நான். நான்தான் எறிஞ்சேன்."

ஆளுங்கட்சி உறுப்பினர் ஒருவருக்கு முகமெல்லாம் சந்தோஷம். "ஆக, அவரைக் கொன்னது ஒரு ஆர்மீனியர். அப்படித்தானே?"

"ஆமாங்க. பேரை எழுதிக்கோங்க."

குறிப்பெடுக்கும் பெண் எழுத்தெழுத்தாகக் கேட்டாள். ஹம்பார் பொறுமையாகச் சொன்னார். "எழுதியாச்சாம்மா? இப்ப கல்லைக் குடுத்தவன் பேரு. அவனுக்கு உத்தரவு போட்ட அரசாங்கத்தோட பேரு—"

குழுத் தலைவர் சுத்தியலைத் தட்டினார். சாட்சியின் நேரம் முடிந்ததாம். ஜிரைரை அனுப்பிய எதிர்க்கட்சி எம்.பி. காகிதத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். கூட்டம் அத்தோடு கலைந்தது.

வெளியே நடையில் ஜிரைர் கைக்குட்டையால் வாயைப் பொத்தியபடி வந்தான். "விடுங்க மாமா, உங்களால எதுவும் கெடல. தீர்மானம் காலையிலேயே போயிடுச்சு. ஒரு நெடுஞ்சாலை மசோதாவுக்காக எங்க ஆளுங்களே விட்டுக் குடுத்துட்டாங்க."

"அப்புறம் என்ன மயிருக்குடா என்னைக் கூட்டிட்டு வந்த?"

"தேர்தல் வருதுல்ல மாமா. உங்களோட ஒரு போட்டோ எடுக்கணும்னாங்க."

இன்னொரு அறை விழுந்திருக்கும். காவலர்கள் இன்னும் கையை விடவில்லை.

இலையுதிர்காலத்தில் விசாரணை நடவடிக்கைகள் புத்தகமாகத் தபாலில் வந்தன. ஹம்பார் அதைத் தொடவில்லை. ஷாகே கண்ணாடி போட்டுக்கொண்டு சமையலறையில் உட்கார்ந்து ஒரு பக்கம் விடாமல் படித்தாள். சம்பவம் இருந்தது, துயரம் இருந்தது, இரு தரப்பு இழப்புகளும் இருந்தன. கணவரின் சாட்சி இருந்த பக்கத்தை இரண்டு முறை படித்தாள். பிறகு எழுந்துவந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"கொன்னவங்கன்னு இந்தப் புத்தகம் முழுக்க ஒரே ஒரு பேருதாங்க இருக்கு."

"ஆமா" என்றார் ஹம்பார். "நான் மட்டும்தானே ஒத்துக்கிட்டேன்."