லூர்து மேரியின் எக்ஸ்ரே

போன வியாழக்கிழமை ஒரு எக்ஸ்ரே படத்துக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். சரி, படத்துக்கு அல்ல... படத்தில் இருப்பவருக்கு.

கருங்குழியில் டிபன் கடை நடத்தும் லூர்து மேரிக்கு இதயம் வலது பக்கம். பிறவியிலேயே அப்படி, வேறு குறை ஒன்றுமில்லை. செங்கல்பட்டுப் பக்கம் ஒரு மருத்துவக் கல்லூரியில் பல வருடங்களாக அவர் எக்ஸ்ரேதான் பாடம். பேர் இருக்கும் மூலையில் பிளாஸ்திரி ஒட்டியிருப்பார்கள். புது மாணவர்கள், யாரோ மாற்றி மாட்டிவிட்டதாக நினைத்துப் படத்தைத் திருப்பி மாட்டுவார்களாம். புரொபசர் விழுந்து விழுந்து சிரிப்பாராம்.

இதெல்லாம் மேரிக்குப் போன மாதம், கல்லூரியிலிருந்து பாராட்டு விழாவுக்கு அழைக்க வந்தபோதுதான் தெரியும்! செக்கப் போகும்போதெல்லாம் மாணவர்கள் வரிசையில் நின்று ஸ்டெத் வைத்ததை, வைத்தியம் என்றே நம்பியிருக்கிறார்.

"இத்தினி பேரு பாக்குறாங்களே, இன்னா பெரிய வியாதியோன்னு பயந்துகினு கெடந்தேன் சார்."

எனக்குக் கோபமான கோபம். ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? இப்போது எதற்கு விழா?

"கூட வா சார்" என்றார். தினமும் அவர் இட்லியைச் சாப்பிடுகிறவன் மறுக்க முடியுமா? பஸ்ஸில் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "எம்பேரச் சொல்வாங்களா?"

மேடையில் அந்த எக்ஸ்ரேயை மாட்டியிருந்தார்கள், மூலையில் அதே பிளாஸ்திரியோடு. பழைய மாணவி ஒருவர், இன்று டாக்டர், பேசினார். "நெஞ்சுவலின்னு ஒருத்தர் வந்தார். இசிஜி விநோதமா இருந்தது. வயரை மாத்தி மாட்டிட்டோம்னு எல்லாரும் சொன்னாங்க. எனக்கு இந்த அம்மா ஞாபகம் வந்தது. ஸ்டெத்தை வலது பக்கம் வெச்சேன். அவர் பிழைச்சுட்டார்."

அரங்கமே கைதட்டியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆனால் பொன்னாடை போர்த்தும்போது அறிவிப்பு இப்படி வந்தது — "கருங்குழியைச் சேர்ந்த ஒரு தாய்."

மேரி மைக்கை வாங்கினார். "எம்பேரு இன்னா ஆச்சு?"

"பேஷண்ட் பேரைச் சொல்லக் கூடாதும்மா. ரூல்."

"என் நெஞ்சு, என் பேரு. நானே சொல்றேன், அந்த பிளாஸ்திரிய எடுங்க."

எடுத்தார்கள். பேர் பளிச்சென்று தெரிந்தது. எல்லாரும் எழுந்து நின்றோம். எங்கள் கருங்குழிக்காரர் என்று எனக்கு அப்படி ஒரு பெருமை!

தெரியாமல் கொடுத்தவருக்கு மரியாதை எதற்கு என்று சிலர் கேட்கலாம். கொடுத்தவருக்குத்தான் தெரியாது... வாங்கியவர்களுக்குத் தெரியுமே!

திரும்பும்போது மேரி சொன்னார்: "இனிமே படத்தத் திருப்பி மாட்டுனா எம்பேரும் திரும்பிக்கும் இல்ல சார்? கரெக்டா மாட்டிடுவாங்க."

பாவம் புரொபசர், இனி சிரிக்க வேறு படம் தேட வேண்டும்.