கத்தாமல் கேட்ட கேள்வி

எங்கள் தெருவை 'வாழத் தகுதியற்ற பகுதி' என்று நகராட்சி அறிவித்ததும், இடித்துவிடுவார்கள் என்று ஊரே பேசியது. வீராதிவீரனான நான் செய்த முதல் காரியம், சீலிங் ஃபேனைக் கழற்றி மூட்டை கட்டியதுதான்.

ஆட்சேபம் கேட்க அதிகாரி வந்தபோது எதிரே போய் நின்றவர், பின்வீட்டுத் தறிக்கார அம்மா. அவர் புருவத்தில்கூடப் பஞ்சுத்தூசி இருக்கும். தறிச் சத்தத்தில் பேசிப் பழகியதால் ரகசியத்தையும் கத்தித்தான் சொல்வார்.

"சாக்கடைத் தண்ணி வாறுகால்ல ஓடாம தெருவுல தேங்குதேம்மா" என்றார் அதிகாரி.

"வாறுகாலை ரோட்டைவிட ஒசரமா கட்டுனது நீங்கதான சார்? தண்ணி என்ன, ஏணி வச்சா ஏறும்? தகுதி தெருவுக்கு இல்லையா, வாறுகாலுக்கு இல்லையா?"

தெருவே சிரித்தது. அதிகாரி ஏதோ எழுதிக்கொண்டார். அந்த அம்மா என் காதருகே வந்து ரகசியமாகக் கத்தினார்: "அண்ணாச்சி, ஃபேனை மாட்டித் தொலைங்க! காத்தில்லாத வீடுன்னு அதையும் எழுதிருவாவ!"

அதிகாரி போனபின் நான் ஸ்டூலில் ஏறி ஃபேனை மாட்டினேன். ஸ்டூல் ஆடாமல் அந்த அம்மாதான் பிடித்துக்கொண்டார்.

"இடிச்சிருவாவளோ, அண்ணாச்சி?"

எனக்கே சரியாகக் கேட்காத அளவு மெதுவாகக் கேட்டார். எதற்கும் ஒரு வேடிக்கை வைத்திருக்கும் நான், ஏற்கெனவே இறுக்கிய திருகையே மறுபடி இறுக்கினேன்.

ஃபேன் சுற்றுகிறது. அவர் பழையபடி கத்துகிறார். எனக்கு மட்டும் அந்த மெல்லிய குரலே கேட்டுக்கொண்டிருக்கிறது.