அசைந்த கழி

எந்தக் கழியைக் கண்டாலும் என் பெரிய நைனா, அப்பாவின் அண்ணன் செங்கல்வராயன், பிடித்து ஆட்டிப் பார்ப்பார். ஆடு கட்டும் முளை, பந்தல் கால், சத்தியவேடு பள்ளிக்கூடத்துக் கொடிக்கம்பம், எதுவானாலும் சரி. அசைந்தால் அந்தப் பக்கம் போகமாட்டார். சிறு வயதில் நான் சிரித்திருக்கிறேன்.

தடாவுக்குக் கிழக்கே, உப்பேரியின் நடுவில், பறவைகளுக்காகக் காக்கப்பட்ட ஒரு திட்டில் அவர் காவலாளி. அங்கே கடம்ப மரங்களில் கூழைக்கடாக்கள் கூடு கட்டும். சுற்றிலும் முழங்கால் அளவுத் தண்ணீர். அடியில் ஆளை விழுங்கும் சேறு. கெட்டித் தரை ஒரே தடத்தில்தான் ஓடியது. அதை ஒட்டிக் கழிகள் நட்டு, கங்கம்மாவுக்கு வேண்டிக்கொண்டு சிவப்புத் துணி கட்டியிருப்பார்கள். திட்டில் குடிதண்ணீர் கிடையாது. பெரியம்மாவின் தம்பி ஏழுமலை குடத்தில் சுமந்து வருவார்.

"இன்னா மாமா, இத்தினி கொக்கு சும்மா கீது, உனக்கு மட்டும் தாகம் எடுக்குதா?"

"போடா! போன தபா கொணாந்தது உப்பு கரிச்சிக்கினு இருந்துச்சி."

"கங்கம்மாவே மொண்டு குடுத்தாலும் நீ கொறை சொல்லுவ."

எங்கள் ஊர் தமிழ் ராஜ்யத்துக்கா தெலுங்கு ராஜ்யத்துக்கா என்று இழுபறி நடந்த வருஷம் அது. எல்லை அளக்க வந்தவர்கள் ஒரு சாயங்காலம் படகிலிருந்தே தங்கள் கழிகளை ஏரியில் நட்டுவிட்டுப் போனார்கள். அவற்றின் தலையிலும் சிவப்புத் துணி. வரிசை நேராகச் சேற்றுக்குள் போனது. பெரிய நைனா பார்த்தார். சர்க்கார் கழியைப் பிடுங்க அவருக்குத் தைரியமில்லை.

விடிந்தபோது தண்ணீர் மேல் ஒரே பனி. அதற்கு மேலே ஏழுமலையின் தலையும் குடமும் தெரிந்தன. புதுக் கழிகளை ஒட்டி நடந்துகொண்டிருந்தார். 'வராதே' என்பதற்கு அங்கே அடையாளம் புகை. தீப்பெட்டி பெரிய நைனாவின் மடியில் இருந்தது. ஆனால் குஞ்சு பொரித்த காலத்தில் திட்டில் தீ மூட்டக் கூடாது. புகை எழுந்தால் தாய்ப் பறவைகள் பறந்துவிடும்; கூட்டில் பருந்து இறங்கும்.

"மச்சான், நில்றா!"

அவர் கத்தக் கத்தப் பறவைகளும் கத்தின. தண்ணீரில் இறங்கி ஓடினார்.

போய்ச் சேர்ந்தபோது தண்ணீரில் குடம் பாதி மூழ்கிச் சாய்ந்து கிடந்தது. ஆளைக் காணோம். கெட்டித் தரையின் விளிம்பில் நின்று பக்கத்துக் கழியை எட்டிப் பிடித்தார். அசைந்தது.

அந்த வருஷம் குஞ்சுகள் எல்லாம் நன்றாகப் பறந்தன.

ஏழுமலையின் மனைவி பாப்பாத்தி கேட்டது ஒன்றுதான். "ஏன் பொகை போடல? அண்ணனே என் வாசல்ல வந்து சொல்லட்டும். கொடத்தையும் குடுத்துட்டுப் போவட்டும்."

அவர் போகவில்லை. அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் தீக்குச்சியைக் கிழித்திருப்பேனா? கிழித்திருப்பேன் என்று சொல்ல வாய் வருகிறது, மனம் வரவில்லை.

போன தை மாதம் பெரிய நைனா இறந்தார். பாப்பாத்தி இழவுக்கு வந்தாள். மூலையில் கவிழ்த்திருந்த அந்தக் குடத்தைப் பார்த்தாள். எடுத்துக்கொள்ளாமல் போனாள்.