இரண்டு ஊருக்கும் ஒரே எண்

இணையம் தொலைபேசிக் கம்பிக்குள் கீச்சிட்டுக்கொண்டு வந்த காலம். நாவற்குடாவில் நானும், வாழைச்சேனையில் என் பள்ளித் தோழனும் ஆளுக்கொரு சிறிய டயல்-அப் நிலையம் நடத்தினோம். சில தொலைபேசி இணைப்புகள், ஓர் அடுக்கு மொடம், வாடிக்கையாளரின் மின்னஞ்சலை வாங்கி வெளியே அனுப்பும் ஒரு கணினி. அவ்வளவுதான் நிலையம். வெளியூருக்கு டயல் செய்தால் ட்ரங்க் கோல் கட்டணம் என்பதால், பயணம் போகிறவர்கள் போன ஊரின் நிலையத்துக்கே டயல் செய்வார்கள்.

தொல்லை அங்கேதான். என் அஞ்சல் கணினிக்கு வலையில் முகவரியாக ஓர் எண், அவனுடையதற்கு வேறோர் எண். மடிக்கணினியோடு ஊர் மாறுகிறவர் ஒவ்வொரு முறையும் அதை மாற்ற வேண்டும். மறந்தால் அஞ்சல் போகாது. இதில் அதிகம் அவதிப்பட்டவர் ஒரு ஹாஜியார். வீடு என் நிலையத்துக்குப் பக்கத்தில் காத்தான்குடியில், இறால் பண்ணை வாழைச்சேனைப் பக்கம் வாவியோரத்தில், வாழைச்சேனையை ஒட்டி, தோழனின் நிலையத்துக்கு டயல் செய்யும் ஓட்டமாவடியில் ஒரு கடை. கொழும்பில் இறால் வாங்குகிறவர்கள் எழுத்தில் அறிவித்தால்தான் ஐஸ் லொறி அனுப்புவார்கள்.

“தம்பி, ஓட்டமாவடிக்குப் போறதுக்கு நான் செருப்பு மாத்துறல்ல. இந்தப் பெட்டிக்கு மட்டும் என்னத்துக்கு நம்பர் மாத்தணும்?” என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. நானும் தோழனும் கிடைத்ததையெல்லாம் வாசித்து ஒரு வழி கண்டோம். உள்வலைக்கென்று யாரும் வைத்துக்கொள்ளக்கூடிய எண்கள் உண்டு. அவற்றில் ஒன்றை இரண்டு ஊரிலும் அஞ்சல் கணினிக்கு வைப்பது. ஹாஜியார் எங்கிருந்து டயல் செய்தாலும் அந்த எண்ணுக்கு அந்த ஊர்க் கணினி பதில் சொல்லும். நிபந்தனை ஒன்றே: என் ஆள் உன் ஊரில் இருக்கும்போது உன் ஆள். கை கொடுத்துக்கொண்டோம்.

ஹாஜியாரிடம் நான் சொன்ன சொற்கள் இன்னும் நினைவிருக்கின்றன. “இனி ஒண்டையும் தொடாதீங்க. போயிற்று எண்டு காட்டினா போயிற்றுத்தான்.”

நெடுநாள் அப்படித்தான் போயிற்று. ஒவ்வொரு அறுவடைக்கும் என் வீட்டுக்கு ஒரு பை இறால் வரும்.

மாரி தொடங்குவதற்குச் சற்று முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை, தோழன் என் வீட்டில் மதியம் சாப்பிட்டான். ஹாஜியார் தந்த இறாலில் பொரியல். “ஹாஜியார் எப்ப திரும்பப் பிடிக்கிறாராம்?” என்று கேட்டான். மழை விழுந்து குளத்து நீரில் உப்புக் குறைவதற்குள் என்றேன். தலையாட்டிவிட்டு இன்னும் கொஞ்சம் சோறு வாங்கினான்.

திங்கள் மாலை ஓட்டமாவடிக் கடையிலிருந்து ஹாஜியார் லொறிக்கு எழுதினார். அனுப்பப்பட்டது என்று திரை காட்டியது. புதன் விடியற்காலை மதகைத் திறந்து நீரை இறக்கினார்கள். இறால் வலைக்குள் வந்தது. லொறி வரவில்லை. இறக்கிய நீரைத் திருப்பி ஏற்ற முடியாது. அன்று சந்தையில் போனது போக, மிச்சம் வெயிலில் சிவந்து நாறியது.

வியாழக்கிழமை கணினியைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். “போயிற்று எண்டுதான் காட்டினது தம்பி. நீங்க சொன்ன மாதிரி ஒண்டையும் தொடல்ல.”

அடுத்த பஸ்ஸில் வாழைச்சேனைக்குப் போனேன். தோழனின் அறையில் கொழும்புக் கொம்பனி ஒன்றின் பெயர் ஒட்டிய புதிய மொடங்கள் இருந்தன. பழைய அஞ்சல் கணினியும் ஓடிக்கொண்டிருந்தது. திறந்து பார்த்தேன். ஹாஜியாரின் அஞ்சல் உள்ளேயே கிடந்தது. கூடவே வேறு பலருடையதும்.

“சனிக்கிழமையோட வெளி லைன் கொம்பனிக்கு மாறிற்று மச்சான். பழைய நம்பருக்கு வாற மெயில் இனி வெளியில போகா” என்றான்.

“அப்ப மெஷின நிப்பாட்டியிருக்கலாமே. பதில் வராட்டி அந்த மனிசனுக்கு விளங்கியிருக்கும்.”

“நிப்பாட்டினா எல்லாரும் உனக்கெல்லோ கோல் எடுப்பாங்க. நிலையத்த வாங்கப்போற கொம்பனிக்கு நான் இத்தன ஆக்கள் எண்டு காட்டணும். கையெழுத்து இன்னும் முடியல்ல.”

“ஞாயிற்றுக்கிழமை கேட்டியேடா, எப்ப பிடிக்கிறாரெண்டு.”

“கேட்டனான்தான். இன்னும் ஒரு கிழம பிந்துவாரெண்டு நினச்சன்.”

எதையும் நல்ல நாள் பார்த்தே செய்பவன் என்று ஊரில் எனக்குப் பெயர். அவனோ என் சோற்றின் முன்னால் உட்கார்ந்து என்னிடமே நாள் கேட்டு, கையெழுத்து முடியும்வரை தாங்குமா என்று கணக்குப் பார்த்திருக்கிறான்.

இப்போதும் கலியாண வீடுகளில் காண்கிறோம். ‘மச்சான்’ என்றுதான் கூப்பிடுகிறான்.

ஹாஜியாரிடம் நடந்ததைச் சொன்னேன். “அவர் ஆரெண்டு எனக்கென்ன தம்பி? நான் அவர நம்பியா அனுப்பின? உங்களயெல்லோ.” பிறகு, “பழையபடி ஊருக்கொரு நம்பர் தாங்க. நானே மாத்துறன்” என்றார்.

எழுதிக் கொடுத்தேன். கணினி மூடியில் ஒட்டிக்கொண்டார். அதன்பின் அஞ்சல் ஒருமுறையும் தவறவில்லை. ஆனாலும், ஓட்டமாவடியிலிருந்து லொறிக்கு எழுதும் ஒவ்வொரு முறையும் எனக்கு ட்ரங்க் கோல் எடுப்பார்.

“தம்பி, கொழும்புக்குப் போய்ச் சேந்துதா எண்டு ஒருக்கா அங்க கேட்டுச் சொல்லுங்க. நான் லைன்ல நிக்கிறன்.”