பதினைந்து நாளுக்கு ஒரு முத்திரை

வளவனூர் கிளை நூலகத்தில் நான் நூலகராக இருந்தபோது, கரும்பு லோடு ஏற்றும் ஒருவர் பதினைந்து நாளுக்கு ஒருமுறை வருவார். முழங்கை வரை கரும்புச் சோகை கீறிய கோடுகள். ஒரே நாவலைத் திருப்பிக் கொடுத்து, அதையே மறுபடி எடுத்துப்போவார். கடலுக்கு அந்தப் பக்கம் நடந்த யுத்தத்தில் வீட்டைப் பறிகொடுத்த ஒருவர் எழுதியது.

“அதான் படிச்சிட்டீங்களே?” என்று ஒருநாள் எரிந்து விழுந்தேன்.

“யாரும் எடுக்காத புக்க கழிச்சிடுவீங்களாமே சார்? இந்தக் கதையில ஒரு லைப்ரரியே எரியுது. அதையும் தாண்டி இத எழுதிக்கினு வந்திருக்காரு. அந்த புக்கு நம்மூருக்கு வந்தா சாவணும்?”

கழிவுப் பட்டியலில் அந்த நாவலை நான் ஏற்கெனவே சேர்த்திருந்தேன். அவர் போனதும் முதல் வேலையாக அந்த வரியை அடித்துவிட்டேன்.

பல வருடம் கழித்து அந்த எழுத்தாளர் விழுப்புரத்தில் ஒரு கூட்டத்துக்கு வந்தார். நானும் போயிருந்தேன். கையெழுத்துக்கு முண்டியடித்த கூட்டத்துக்குள் நுழைந்து, நம் கரும்பு லோடுக்காரர் அந்த நூலகப் புத்தகத்தை எழுத்தாளரிடம் நீட்டினார். அதில் எழுதக்கூடாதே என்று பதறினேன்.

“கையெழுத்து வேணாங்க. இத பாருங்க.”

கடைசிப் பக்கத்தில் சீட்டின் மேல் சீட்டாக ஒட்டி, வரி வரியாகத் தேதி முத்திரைகள். எழுத்தாளர் அவற்றை விரலால் தடவியபடி நின்றார். பிறகு, பையிலிருந்து புதுப் பிரதி ஒன்றை எடுத்துக் கையெழுத்திட்டு அவரிடம் கொடுத்தார்.

அவர் அதை அப்படியே என்னிடம் தந்தார்.

“இதையும் லைப்ரரில வெச்சிடுங்க சார். இனிமே ரெண்டா எடுக்கறேன்.”

சனிக்கிழமை நூலகம் திறந்ததும் வந்து நின்றார். மேஜை அதிர இரண்டு முத்திரை குத்தினேன்.